ஆமாஞ்சாமியின் வாய்

ஜனவரி 18

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே நானும் அரவை மெஷினும் சுகம். மெஷினுக்கு மட்டும் காலையில் கொஞ்சம் இருமல், எண்ணெய் விட்டதும் சரியாகிவிடுகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? உன் தோள்பட்டை வலி குறைந்ததா? படம் வரைகிற தோள், ஜாக்கிரதை.

நீ அனுப்பிய படங்கள் மடங்காமல் கசங்காமல் வந்து சேர்ந்தன. முந்திரிக்கொட்டை படிக்கட்டைத் தாவி இறங்குகிற படத்தைப் பார்த்து அச்சகத்துக்காரர் சிரித்தார். அந்த மனுஷன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிடுமூஞ்சி குடையை விரிக்காமல் மழையை முறைக்கிறாளே, அதை மாடியில் இருக்கிற பல் டாக்டர் வெட்டி எடுத்துக்கொண்டு போய்த் தன் அறை வாசலில் ஒட்டிவிட்டார். பல் பிடுங்க வருகிறவர்கள் இனி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும், பாவம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பெரிய காபிக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கழுத்தில் டை. அதை வறுக்கிற உருளை இழுத்துக்கொண்டு போய்விடுமோ என்று எனக்குப் பயம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். மரியாதை தரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

"இந்த யோசனை எப்படிம்மா வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். உன் அண்ணன் போன பிறகு காபித்தூள் கடையைப் பூட்டிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்குப் பூட்ட மனசில்லை. மூன்று வறுவலுக்கும் மூன்று பேரை வைத்தேன். இளவறுவல், முந்திரிக்கொட்டை. கேட்பதற்கு முன்னால் பதில் சொல்கிறவள். நடுவறுவல், ஆமாஞ்சாமி. யார் எதைக் கேட்டாலும் வாயைத் திறந்து ஆமாம் என்கிறவள். கருவறுவல், சிடுமூஞ்சி. அவளுக்கு விளக்கம் வேண்டாம். மூவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். வாராவாரம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று பாக்கெட்டின் முதுகில் நான் எழுதுகிறேன், வெளியூரில் இருக்கிற என் நாத்தனார் படம் வரைந்து தபாலில் அனுப்புகிறாள். அவ்வளவுதான் யோசனை.

"மூணு பேரையும் எங்களுக்குக் கொடுத்துடுங்க" என்றார். மூன்று பேரையும் கொடு என்றால் எனக்கென்னவோ பெண் கேட்டு வந்த மாதிரி இருந்தது. "கொடுத்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"நாடு பூரா கொண்டுபோவோம்மா. கதையெல்லாம் எங்க ஆளுங்க எழுதிடுவாங்க. சின்னச் சின்ன மாற்றம் இருக்கும். அந்தக் கோபக்காரியைக் கொஞ்சம் சிரிக்க வைப்போம்."

"சிடுமூஞ்சி சிரிச்சா அப்புறம் அவ எதுக்குங்க?" என்றேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டார். நான் அஞ்சாம் வகுப்பு. பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இந்த வயதில் ஒரு டைக்குப் பயந்து என் பெண்களை அனுப்பிவைக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.

போகும்போது ஒன்று சொன்னார். எழுத்து என்னுடையதாம், முகங்கள் உன்னுடையவையாம். இரண்டு கையெழுத்தும் வேண்டுமாம். ஆகவே உன்னிடமும் வருவார். வந்தால் காபி கொடு. கையெழுத்துக் கொடுக்காதே.

அடுத்த வாரக் கதையில் அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகப்போகிறது. ஆமாஞ்சாமி நிறைய வேண்டும், அவள் பாக்கெட்தான் முதலில் தீர்கிறது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம், அவரும் சுகம். தோள்பட்டை பரவாயில்லை. உங்களுக்கு முழங்கால் எப்படி? மெஷின் பக்கத்தில் நிற்காமல் ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? மெஷினுக்கு எண்ணெய் விடுகிறீர்கள், உங்களுக்கு யார் விடுவது?

தொட்டி ஒழுகுகிற படங்கள் இதில் இருக்கின்றன. சாப்பாட்டு மேஜை முழுக்க அவர் காகிதங்கள், அதனால் இஸ்திரி போடுகிற மேஜையில் வைத்து வரைந்தேன். கோடு ஆங்காங்கே ஆடியிருக்கும். தண்ணீர்தானே, ஆடட்டும்.

நீங்கள் சொன்ன டைக்காரர் உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு "இது எங்க காபி மாதிரி இல்லையே" என்றார். "இல்லதான்" என்றேன். அதற்குமேல் நான் பேசவில்லை. அவர்கள் இருவரும்தான் பேசினார்கள்.

நீங்கள் கோபப்படாமல் வாசிக்க வேண்டும். இவருக்கு ஆபீஸ் வேலை முடியப்போகிறது. காலையில் எழுந்து எங்கே போவது என்று பயம். வெளியே சொல்ல மாட்டார், ஆனால் இப்போதே சட்டைகளை எண்ணி எண்ணி அடுக்குகிறார். இந்தப் பக்கத்து வியாபாரம் முழுவதையும் இவரே பார்த்துக்கொள்ளலாம், தனி அறை, கதவில் பெயர் என்று டைக்காரர் சொன்னதும் இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெயர் போட்ட கதவு இவருக்கு ஆபீஸில் இத்தனை வருஷத்தில் கிடைக்கவில்லை அண்ணி.

"மேடம் என்ன சொல்றீங்க?" என்று டைக்காரர் என்னைப் பார்த்துக் கேட்டார். "அவளுக்குச் சம்மதம்தான்" என்றார் இவர். நான் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஆமாஞ்சாமியை எல்லோருக்கும் பிடிக்கிறது என்று எழுதுகிறீர்கள். பிடிக்கத்தான் செய்யும். அவள் யாருக்கும் எதையும் மறுப்பதில்லையே.

போனில் கூப்பிடாதீர்கள். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்.

உங்கள்,
சின்னவள்


பிப்ரவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதமும் ஆடுகிற தண்ணீரும் கிடைத்தன. என் முழங்கால் என் சொல் பேச்சுக் கேட்பதில்லை, நான் அதன் பேச்சைக் கேட்பதில்லை. இருவரும் சமாதானமாக இருக்கிறோம். ஸ்டூல் வேண்டாம். உட்கார்ந்துகொண்டு வறுத்தால் கொட்டை வெடிக்கிற சத்தம் காதுக்கு வருவதற்குள் கருகிவிடும்.

தொட்டிக் கதை இப்படி முடித்தேன். உனக்கும் ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் படியேறி வருகிறார். வாயைத் திறப்பதற்குள் முந்திரிக்கொட்டை, "நான் உடைக்கல, அந்தக் கல் என்னோடது இல்ல, நான் எறியும்போது தொட்டி அங்க இல்ல" என்கிறாள். வீட்டுக்காரர் ஆமாஞ்சாமியிடம் "நீயா உடைச்சே?" என்கிறார். ஆமாம். "இல்ல, அவளா?" ஆமாம். "அப்ப தொட்டி தானா ஒழுகுதா?" ஆமாம். "என்னைப் பார்த்தா பைத்தியக்காரன் மாதிரி இருக்கா?" ஆமாம். அதற்குள் சிடுமூஞ்சி வெளியே வந்து தொட்டியை ஒரு பார்வை பார்க்கிறாள். ஒழுகல் நின்றுவிடுகிறது.

பஸ் கண்டக்டர் வண்டியைக் கடை முன்னால் நிறுத்தி, உள்ளே இருக்கிறவர்களுக்கு இதை உரக்க வாசித்தாராம். பைத்தியக்காரன் இடத்தில் பஸ்ஸே சிரித்ததாம். டிரைவர் மட்டும் "நேரமாச்சுய்யா" என்று திட்டிவிட்டு, அவரும் இறங்கி வந்து ஒரு கருவறுவல் வாங்கினார். டிரைவர்கள் எல்லாம் சிடுமூஞ்சி கட்சி. டீச்சர்கள் முந்திரிக்கொட்டை கட்சி, வகுப்பில் அப்படி ஒருத்தி எப்போதும் இருப்பாளாம். ஆமாஞ்சாமிக்குக் கட்சியே கிடையாது, எல்லோரும் வாங்குகிறார்கள்.

மாப்பிள்ளையின் கதவு பற்றி எழுதியிருந்தாய். பெயர் போட்ட கதவு நல்ல விஷயம்தான். ஆனால் அதை என் பெண்களை விற்றுத்தான் வாங்க வேண்டுமா? இதற்குமேல் எழுதினால் நீ கோபப்படாமல் வாசிக்க வேண்டியிருக்கும், விட்டுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். டைக்காரர் உன்னைக் கேட்டார், மாப்பிள்ளை பதில் சொன்னார். நீ என்ன சொன்னாய் என்று எழுதவே இல்லையே?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 10

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். தங்கள் நலம் அறிய விரும்புகிறோம்.

மேற்படி நிறுவனத்தாரின் கோரிக்கை குறித்து நன்கு ஆலோசித்ததில், அதை ஏற்றுக்கொள்வதே இரு குடும்பத்துக்கும் உகந்தது என்ற முடிவுக்கு வந்துள்ளோம். தங்கள் வயதையும் உடல்நிலையையும் கருதி, இனியும் தாங்கள் தனியாகச் சிரமப்படுவது தேவையற்றது. ஏப்ரல் மாதத்தில் நிறுவனத்தார் எங்கள் இல்லத்துக்கு வரவுள்ளனர். எனது சம்மதம் கிடைத்தபின் தங்களிடம் வருவார்கள். தாங்களும் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இந்த வாரத்துக்கான படங்கள் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் நாத்தனார்


மார்ச் 17

அன்புள்ள சின்னவளுக்கு,

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன், பேனா நகரவில்லை.

இங்கே சுகம். உன் சுகம் பற்றித்தான் சந்தேகம். நீ எப்போதிலிருந்து "மேற்படி" என்று பேச ஆரம்பித்தாய்? கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ இரட்டைப் பின்னல் போட்ட பெண். அன்றிலிருந்து உன் பேச்சை நான் கேட்கிறேன். "உகந்தது" என்று ஒரு நாளும் உன் வாயில் வந்ததில்லை. எழுதினது உன் கை. பேசினது யார் என்று எனக்குத் தெரியாதா?

மாப்பிள்ளை, இதையும் நீங்கள் வாசிப்பீர்கள், அதனால் உங்களுக்கே நேராக எழுதிவிடுகிறேன். என் வயதைக் கருத வேண்டாம், அதை நான் கருதிக்கொள்கிறேன். என் உடம்பு மூட்டை தூக்குகிறது. வறுக்கிறது, அரைக்கிறது, கதை சொல்கிறது, கடன் கேட்டு வருகிறவனை விரட்டுகிறது. தனியாகச் சிரமப்படுகிறேன் என்றால், அது என்னுடைய சிரமம். அதையும் கம்பெனிக்குக் கொடுப்பதாக இல்லை.

சரி சின்னவளே, வேலையைப் பேசுவோம். படங்கள் வந்தன. ஒன்றில் உனக்குக் கை தவறிவிட்டது. வீட்டுக்காரர் "வாடகையை ஏத்தட்டுமா?" என்று கேட்கிற இடத்தில் ஆமாஞ்சாமிக்கு வாயை மூடி வரைந்திருக்கிறாய். உதட்டுக்கு ஒரே ஒரு கோடு. அவள் வாய் என்றைக்கு மூடியிருந்தது? நீ அங்கே என்ன நிலைமையில் வரைந்தாயோ. நான் அச்சகத்துக்காரரிடம் சொல்லி, உன் பழைய படத்திலிருந்து ஒரு திறந்த வாயை எடுத்து ஒட்ட வைத்துவிட்டேன். ஒட்டினதே தெரியவில்லை. பாக்கெட் கடைக்கும் வந்தாகிவிட்டது, ஒன்று இத்துடன் அனுப்புகிறேன். அதனால் கவலைப்படாதே.

அடுத்த வாரம் வீட்டில் கரண்ட் போகிறது. இருட்டில் மூன்று முகங்கள் வேண்டும். எப்படி வரைவாயோ, உன் பாடு.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம். பதில் இல்லை, படமும் இல்லை. தபால்காரரைத் தினமும் மறித்துக் கேட்டதில், இப்போது அவர் எதிர்ப்பக்கமாகப் போகிறார்.

கரண்ட் போன வாரத்துக்குப் படம் வராததால் கட்டம் முழுவதையும் கறுப்பாகவே அடித்துவிட்டேன். இருட்டு என்று சமாளித்தாயிற்று. அடுத்த வாரம் கரண்ட் வந்துவிட்டது, படம் வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு அடித்தேன். "எங்க மூணு பேரையும் காணோம்?" என்று கண்டக்டர் கேட்டார். "வெளியூர் போயிருக்காங்க" என்றேன். "சொல்லாம கொள்ளாமயா?" என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

காலியான கட்டத்துக்குப் பல் டாக்டர் தானே ஒரு படம் போட்டுக்கொண்டு வந்து காட்டினார். மூன்று கடைவாய்ப் பற்கள் மாதிரி இருந்தன. "நல்லாருக்கு டாக்டர்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நானும் ஆமாம் போட்டேன்.

கம்பெனியிலிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி உங்கள் வீட்டுக்கு வருகிறார்களாம், நீ ஒப்புக்கொண்டுவிட்டாயாம், மிச்சம் நான்தானாம். நான் அதைக் கிழிக்கவில்லை. மெஷினுக்கு ஒரு கால் குட்டையாக ஆடிக்கொண்டிருந்தது, மடித்து அதன் கீழே வைத்தேன். இப்போது ஆடவில்லை.

உனக்கு என் மேல் கோபமா, மாப்பிள்ளை எழுதவிடவில்லையா? எதுவானாலும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். நீங்களும் சுகம் என்று தெரிந்தது.

இவர் எழுதவிடாமல் இல்லை. நான்தான் எழுதவில்லை.

நீங்கள் அனுப்பிய பாக்கெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டினதே தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது. ஆமாஞ்சாமியின் வாயைத் திறந்தது யார் அண்ணி?

அந்த "மேற்படி" கடிதம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியதுதான். நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், பக்கத்தில் நின்று பார்த்தமாதிரி. ஒவ்வொரு வார்த்தையிலும் என் பேச்சு எது, அவர் பேச்சு எது என்று உங்களுக்குத் தெரிந்தது. படத்தைப் பார்த்தபோது மட்டும் கை தவறிவிட்டது என்றீர்கள். இத்தனை வருஷத்தில் நான் வரைந்த ஒரு கோட்டையாவது தப்பு என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா? இது மட்டும் எப்படித் தப்பாயிற்று? அவள் மறுக்கவே மாட்டாள் என்று உங்களுக்கு அவ்வளவு நிச்சயம்.

அந்த ஒரு கோட்டைப் போட எனக்கு எத்தனை காகிதம் ஆனது தெரியுமா? மூடினால் அழுகிற மாதிரி இருந்தது. இன்னொன்றில் பயந்த மாதிரி. அழாமல், பயப்படாமல், சும்மா மூடிய வாய் வருவதற்குள் இஸ்திரி மேஜையைச் சுற்றி ஒரே குப்பை. அவர் பெருக்கிப் போட்டுவிட்டு, "பேப்பர் என்ன மரத்துலயா காய்க்குது?" என்றார். மரத்திலிருந்துதான் வருகிறது என்று அவருக்குச் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர்கள் சிடுமூஞ்சியைச் சிரிக்க வைப்பார்கள் என்று எவ்வளவு சத்தம் போட்டீர்கள். நீங்கள் செய்தது என்ன? கேட்காமல் அவர்கள் மாற்றினால் அநியாயம், கேட்காமல் நீங்கள் மாற்றினால் உதவியா? "என் பெண்கள், என் பெண்கள்" என்கிறீர்கள். முகம் யாருடையது?

இருபத்தைந்தாம் தேதி அவர்கள் வருகிறார்கள். கையெழுத்துப் போட்டாலும் போடுவேன். யாரிடம் இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதானே.

சின்னவள்


ஏப்ரல் 21

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைக் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாசித்தேன். இரண்டு பேர் காபித்தூள் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் அப்புறம் வருவதாகப் போய்விட்டார்கள்.

நான் செய்தது தப்பு. இதை அலங்காரம் பண்ணி எழுத எனக்குத் தெரியாது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்னும் மோசம்.

மிச்சம் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, நீ அனுப்பின படத்தை அனுப்பினபடியே வைத்து மறுபடியும் அடிக்கச் சொன்னேன். அச்சகத்துக்காரர் "வாய் மூடியிருக்கே, பரவால்லையா?" என்று கேட்டார். "அது மூடின வாய்தான், நீங்க உங்க வாயை மூடிக்கிட்டு அடிங்க" என்றேன். அந்த மனுஷன் மேல் தப்பில்லை. பிறகு ஒரு பொட்டலம் இளவறுவல் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

கதையையும் மாற்றிவிட்டேன். வீட்டுக்காரர் "வாடகையை ஏத்தட்டுமா?" என்கிறார். ஆமாஞ்சாமி வாயைத் திறக்கவில்லை. காது கேட்கவில்லையோ என்று மறுபடியும் கேட்கிறார். திறக்கவில்லை. முந்திரிக்கொட்டைக்கே பேச்சு வரவில்லை. அதோடு நிறுத்திவிட்டேன். அடுத்து அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை சின்னவளே. இதுவரை தெரியாமல் இருந்ததே இல்லை.

கடையில் ஒரே கூச்சல். "என்னம்மா, நம்ம ஆளுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கண்டக்டர் கேட்கிறார். ஒரு டீச்சர் மட்டும் பாக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அந்த மூடின வாயைப் பார்த்தார். பிறகு இன்னொன்று வாங்கிக்கொண்டு போனார்.

கையெழுத்துப் போடு, போடாதே என்று இந்தத் தடவை சொல்ல மாட்டேன். கை உன்னுடையது. நீ போட்டாலும் நான் போட மாட்டேன், அது வேறு விஷயம். அந்தச் சண்டையை நான் கம்பெனியோடு போட்டுக்கொள்கிறேன், உன்னோடு போட மாட்டேன்.

இருபத்தைந்துக்குள் இது வந்து சேர வேண்டுமே என்று இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சுகம். நிஜமாகவே சுகம், மரியாதைக்காக எழுதவில்லை. நேற்று நன்றாகத் தூங்கினேன். நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?

உங்கள் கடிதம் இருபத்தாறாம் தேதிதான் வந்தது. அவர்கள் முந்தின நாளே வந்துவிட்டுப் போய்விட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்தது உங்கள் கடிதத்தைப் பார்த்துச் செய்ததில்லை. உங்கள் மேல் கோபம் இருந்தபோதே செய்தது.

டைக்காரரோடு இன்னொருவரும் வந்திருந்தார், அவர்கள் கம்பெனிக்குப் படம் வரைகிற படக்காரர். சாப்பாட்டு மேஜையை இவர் காலையிலேயே துடைத்து வைத்திருந்தார். பேனாவைக்கூட இரண்டு வைத்திருந்தார், ஒன்று எழுதாமல் போனால் என்று. படக்காரர் ஒரு அட்டையை விரித்தார். நம் மூன்று பேரும் இருந்தார்கள். மூவரும் ஒல்லியாகியிருந்தார்கள். சிடுமூஞ்சி சிரித்தாள். ஆமாஞ்சாமிக்கு உதட்டுச் சாயம் பூசி, வாயை இன்னும் பெரிதாகத் திறந்து வைத்திருந்தார்கள்.

"எப்படி மேடம் இருக்கு?" என்றார் டைக்காரர்.

"அவளுக்குப் பிடிச்சிருக்கு" என்றார் இவர்.

"எனக்குப் பிடிக்கல" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். டைக்காரருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, "எங்க கையெழுத்துன்னு அம்புக்குறி போட்டிருக்கோம்" என்று காகிதத்தை நகர்த்தினார்.

"நான் போட மாட்டேன்" என்றேன். இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது.

இவர் சிரிக்கப் பார்த்தார். "அவ சும்மா சொல்றா சார். கொஞ்சம் டென்ஷன்." பிறகு என் பக்கம் குனிந்து, "ஏய், என்ன விளையாட்டு இது? ஆளுங்க எவ்வளவு தூரத்திலேர்ந்து வந்திருக்காங்க!" என்றார்.

"வந்ததுக்குக் காபி குடிச்சாச்சே" என்றேன். அண்ணி, அது எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. உங்கள் வாய் எனக்கு ஒட்டிக்கொண்டதோ என்று பயந்தேன். ஒட்டவில்லை, என்னுடையதுதான்.

டைக்காரர் மறுபடியும் வருவதாகச் சொன்னார். "வாங்க, ஆனா இதுக்கு வராதீங்க" என்றேன். வாசல் வரைக்கும் போய் இவர்தான் அவர்களை வழியனுப்பினார். திரும்பி வந்து அந்த இரண்டு பேனாவையும் எடுத்துச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குன்னு ஒண்ணு கேட்டேன். ஒண்ணே ஒண்ணு" என்றார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் "உங்களுக்குன்னு கேளுங்க. என்னோடதைக் கேக்காதீங்க" என்றேன். அதிலிருந்து பேசுவதில்லை. தன் காபியைத் தானே போட்டுக்கொள்கிறார். ரொம்பத் தண்ணீர் விடுகிறார், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி எனக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஆமாஞ்சாமி பேச வேண்டிய இடம் வந்தால், அவள் என்ன பேசுவாள் என்று நான்தான் எழுதுவேன். நீங்கள் மற்ற இருவரையும் வீட்டுக்காரரையும் வைத்துக்கொள்ளுங்கள். சம்மதமென்றால் எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள், சண்டை போடலாம்.

வீட்டுக்காரருக்கு அவள் சொன்ன பதில் இத்துடன் இருக்கிறது. சின்னப் பதில்தான். படமும் இருக்கிறது. அதில் வாய் எப்படி இருக்கிறது என்று பார்த்து, அப்படியே அடியுங்கள்.

உங்கள்,
சின்னவள்


ஜூன் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நான் சுகம், முழங்கால் சுகமில்லை. ஸ்டூல் வாங்கிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே. மாப்பிள்ளை பேச ஆரம்பித்தாரா? பேசாவிட்டால் போகிறது, உன் கையால் காபி குடிக்கிறாரா? குடித்தால் பாதிக் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

உன் நிபந்தனைக்கு ஒன்றரை மாதமாகச் சம்மதித்துக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னும் பழகவில்லை. ஆமாஞ்சாமி பேசுகிற இடம் வந்ததும் என் கை தானாக எழுதப் போகிறது, பிடித்து நிறுத்துகிறேன். வீட்டுக்காரரிடம் அவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்றாளே, எனக்கு முதலில் பிடிக்கவில்லை. நானாக இருந்தால் அந்த ஆளைப் படியிலேயே உருட்டியிருப்பேன். ஆனால் வீட்டுக்காரர் தினமும் வந்து "யோசிச்சாச்சா?" என்று கேட்பதும், இவள் "இன்னும் இல்ல" என்பதும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கண்டக்டரிடம் யாராவது பாக்கிச் சில்லறை கேட்டால், "யோசிச்சுச் சொல்றேன்" என்கிறாராம். அடி வாங்கப்போகிறார்.

இப்போது கெட்ட செய்தி. கம்பெனி நம்மைக் கேட்காமலே இறங்கிவிட்டது. எதிர்ச்சாரியில் பெரிய கடை இருக்கிறதல்லவா, அதன் கண்ணாடி முழுக்க அவர்கள் டப்பா. மூன்று பெண்கள், வேறு பெயர்கள், பின்பக்கம் ஒரு கதை. நம்முடையவர்கள் என்று சொல்லவும் முடியாது, இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்தப் படக்காரர் உங்கள் வீட்டில் விரித்த அட்டைதான், தலைமுடியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மூவரும் சிரிக்கிறார்கள். மூவருக்கும் அத்தனை பல்லும் தெரிகிறது.

ஒரு டப்பா வாங்கி வந்து நம் கவுண்டரில், எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். பல் டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவங்களால எனக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்ல" என்றார். அச்சகத்துக்காரர் ரொம்பக் கவலைப்பட்டார். "பெரிய ஆளுங்கம்மா. நாடு பூரா வச்சிருக்காங்க. உங்களுக்குப் பயமா இல்லையா?"

"அவங்க கதையைப் படிச்சீங்களா?" என்றேன்.

"படிச்சேன். மூணு பேரும் காபி குடிச்சாங்க, சந்தோஷமா இருந்தாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"பின்ன எனக்கு என்ன பயம்?" என்றேன். சொன்னேனே தவிர, நம் விற்பனை இந்த வாரம் குறைந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். அவர்கள் டப்பா பளபளவென்று இருக்கிறது. இது சீக்கிரம் முடிகிற சண்டையில்லை. ஆனால் என் வீட்டு வாசலில் வந்து பல்லைக் காட்டிவிட்டுச் சும்மா போய்விடலாம் என்று நினைத்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது. இனி உன்னையும் தெரியாது.

அதனால் ஒன்று செய்திருக்கிறேன். கதையில் நம் மூன்று பேரும் குடியிருக்கிற வீட்டின் மாடியில் காலியாக ஒரு பகுதி இருக்கிறதல்லவா, அதற்குப் புதிதாக மூன்று பேர் குடிவந்துவிட்டார்கள். எப்போது பார்த்தாலும் சிரிக்கிறார்கள். பால் திரிந்தாலும் சிரிக்கிறார்கள், படியில் விழுந்தாலும் சிரிக்கிறார்கள். சிடுமூஞ்சி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. முந்திரிக்கொட்டை அவர்களுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது, பல்வரிசைகள். மூன்றாம் நாள் அவர்கள் கீழே இறங்கி வந்து, சிரித்துக்கொண்டே ஆமாஞ்சாமியிடம் கேட்கிறார்கள்: "எங்களுக்கு மாடி மட்டும் போதல. நீங்க வீட்டைக் காலி பண்ணிக் கொடுத்துடுறீங்களா?"

அதுவரைக்கும் எழுதி நிறுத்திவிட்டேன். அவள் பதில் உன் வேலை. பாக்கெட்டின் முதுகில் பாதியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பாதி போதாதென்றால் எழுது. என் பாதியைக் குறைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணி